விழுந்த மரத்தின் பெயர்



கேமரன் மலையில் அடைமழை தொடங்கிவிட்டால் நம் காதுகள் இரண்டு ஓசைகளை எதிர்பார்த்தே உறங்கும். ஒன்று, சரிவிலிருந்து மண் இறங்கும் ஓசை. மற்றொன்று, மரம் சாயும் ஓசை. மண் இறங்கினால் உயிருக்கு அஞ்சி எழுந்து ஓடுகிறோம். மரம் சாய்ந்தாலோ, விடிந்ததும் கத்தியும் கயிறுமாக அதை நோக்கிப் போகிறோம். அடுப்புக்கு விறகு, கோழிக்கூண்டுக்குச் சட்டம், சாமி மாடத்துக்குப் பலகை என்று ஆளுக்கொரு கணக்கு மனத்தில் ஓடும். ஆனால், "இது என்ன மரம்?" என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால் ஒரு குடும்பம் பட்ட துன்பத்தையும், கேட்டதால் அது தீர்ந்த விதத்தையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டியே வயதான பெரியவர் ஒருவர் இருக்கிறார். லயத்தின் கடைசி வீடு அவருடையது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேத்தியைப் பள்ளிக்கு அழைத்து வருவதும் கூட்டிச் செல்வதும் அவர்தாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, லயத்து வளைவில் நின்ற பெரிய மரம் ஒன்று ஓர் இரவு மழையில் வேரோடு சாய்ந்தது. பாதையை அடைத்துக் கிடந்த அதை வெட்டி எடுத்துக்கொள்ளுமாறு தோட்ட நிருவாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. பலரும் விறகாக்கினார்கள். பெரியவர் மட்டும் நடுமரத்திலிருந்து நான்கு பலகைகள் அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காயவைத்தார். பேத்திக்குப் படிக்கும் மேசை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

பலகை காய்வதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் அவர் இழைப்புளி போட்டு ஒரு பலகையை மழமழப்பாக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வழியே வந்த வெளியார் ஒருவர் நின்று பார்த்தார். பலகையின் முகத்தில் வெள்ளிச் செதில்கள்போல மின்னும் புள்ளிகள் தெரிந்தன. அவர் மர வேலை அறிந்தவராம். "இது ஓக் மரம். மேலே காட்டில் இருக்கும் மெம்பெனிங். காட்டு மரத்தை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். மாலைக்குள் லயம் முழுவதும் பேச்சு. 'பெரியவர் காட்டில் மரம் திருடினாராம்.' அனுமதி கொடுத்த அதிகாரியோ மாற்றலாகிப் போய்விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பேத்தி பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பெரியவர் பலகைத் துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். "வாத்தியாரே, நான் கொழுந்துக் காட்டைத் தொட்டவன். மேலே இருக்கிற காட்டைத் தொட்டதே இல்லை. இது சில்வர் ஓக் மரம் என்று எனக்குத் தெரியும். யார் நம்புகிறார்கள்?" என்றார்.

நேயர்களே, இங்கே எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரிலேயே ஓக் இருப்பதால், சில்வர் ஓக்கும் ஓக் இனத்தில் ஒன்று என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வகுப்பிலும் அப்படியே சொல்லியிருந்தோம். ஆகவே, "ஓக் என்றால் ஓக்தானே, எப்படிப் பிரித்துச் சொல்வது?" என்று முதலில் தயங்கினோம். பிறகு நூல்களைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது.

சில்வர் ஓக் ஓக்கே அன்று. அது ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைக்கு நிழல் தர வரிசை வரிசையாக நிற்பது இந்த மரந்தான். நம் நாட்டு இயற்கைக் காட்டில் அது தானாக முளைத்த மரம் இல்லை. மனிதர் கொண்டுவந்து நட்டது. மெம்பெனிங் என்று மலாய்க்காரர்கள் சொல்வதுதான் உண்மையான ஓக் குடும்பம். அது நம் மலைக்காட்டுக்கே உரியது. சிறு கிண்ணத்தில் உட்காரவைத்தாற்போன்ற அதன் கொட்டைகளைக் காட்டோரத்தில் நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடியிருப்பார்கள்.

ஆக, கேள்வி தெளிவாகிவிட்டது. பெரியவரின் பலகை நட்ட மரமா, காட்டு மரமா? இலையும் இல்லை, பட்டையும் இல்லை. மரத்துண்டு மட்டும் கையில் இருக்கிறது. அது பேசுமா?

பேசும், நேயர்களே. மரத்தின் உள்ளே பார்க்கும் பழக்கம் நம் முன்னோருக்கு உண்டு. உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வயிரம் உடைய தென்னை, பனை, மூங்கில் போன்றவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. இன்றைய தாவர அறிவியலும் பனையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது. நம் ஆசாரிமார்கள் நடுவே உள்ளதை வயிரம் என்றும் ஓரத்தில் உள்ள வெளுத்த பகுதியை வெளிறு என்றும் பிரித்தறிந்து, வெளிற்றைத் தள்ளி வயிரத்தை எடுப்பார்கள். பூச்சி முதலில் வெளிற்றில்தான் ஏறும்.

ஆனால் பெரும்பாலோர் மரத்துக்குப் பெயர் சொல்வது நிறத்தைப் பார்த்து. நிறம் ஏமாற்றும். வெயிலில் கிடந்தால் சிவப்பு வெளுக்கும். மழையில் நனைந்தால் எல்லா மரமும் சாம்பல் நிறமாகும். கடையில் சாயம் பூசினால் பைன் மரமும் தேக்காகிவிடும். மரம் பொய் சொல்லாத இடம் ஒன்று உண்டு. அது அதன் வெட்டுமுனை. வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டமுகம் தெரிகிறதல்லவா? அதுபோல மரத்தின் நாருக்குக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகம்.

பார்க்கும் முறை இது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு போதும். அதன் முனையில் புதிய பிளேடு அல்லது நன்கு தீட்டிய கத்தியால் மெல்லிய சீவல் ஒன்றைச் சீவி எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும்; பிள்ளைகள் கையில் பிளேடைக் கொடுக்காதீர்கள். வாள் அறுத்த முகத்தில் துளைகள் அடைபட்டுக் கிடக்கும். சீவிய முகத்தில் திறந்து காட்டும். ஒரு சொட்டு நீரால் நனைத்துக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முதல் கேள்வி, நுண்துளைகள் உண்டா? மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்களின் வாய்கள்தாம் அந்தத் துளைகள். பலா, மா, தேக்கு, மெராந்தி ஆகிய எல்லாவற்றிலும் அவை உண்டு. பைன் இனத்தில் இந்தக் குழாய்கள் கிடையா. சரக்குப் பெட்டிகளாக வரும் பைன் பலகையின் முனையைச் சீவிப் பார்த்தால் முகம் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். பிசின் ஊறும் சிறு புள்ளிகள் மட்டும் அங்கங்கே தெரியலாம்.

இரண்டாம் கேள்வி, மரக்கதிர்கள் எப்படி? சக்கரத்தின் ஆரக்கால்கள்போல, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கோடுகளே கதிர்கள். பல மரங்களில் அவை தலைமயிர்போல மெல்லியவை. சில மரங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு தடித்தவை. கதிர் தடித்த மரத்தைப் பலகையாக அறுத்தால், அந்தக் கதிர்களே வெள்ளிச் செதில்களாக மின்னும். மெம்பெனிங்கும் அப்படி, சில்வர் ஓக்கும் அப்படி. அந்த மின்னலைக் கண்டுதான் அந்நாளில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலிய மரத்துக்கும் ஓக் என்று பெயர் வைத்தார்கள். அதே மின்னலைக் கண்டுதான் நம் வழிப்போக்கரும் மயங்கினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓர் அடையாளத்தோடு அவர் நின்றுவிட்டார்.

மூன்றாம் கேள்விதான் வழக்கைத் தீர்ப்பது. அந்தத் துளைகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன? மெம்பெனிங்கில் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக, உள்ளிருந்து பட்டையை நோக்கி, காற்றில் சாய்ந்த தீச்சுடர்போல வரிசை கட்டும். சில்வர் ஓக்கில் அப்படி இராது. இரண்டு தடித்த கதிர்களுக்கு நடுவே, வாசலில் கட்டிய தோரணம் தொய்ந்து தொங்குவதுபோல, துளைகளும் வெளிர் நிறக் கோடுகளும் குறுக்காக வளைந்து வளைந்து செல்லும். ஒன்று சுடர், மற்றொன்று தோரணம். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

பெரியவரின் துண்டை எங்கள் பள்ளி அறிவியல் அறையில் சீவிப் பார்த்தோம். ஒரு முறைக்கு நான்கு முறை பார்த்தோம். தோரணந்தான் தெரிந்தது.

எடையும் பார்த்தோம். பத்து சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம், நான்கு கனம் உள்ள துண்டு அறுத்தால் அதன் கொள்ளளவு இருநூறு கன சென்டிமீட்டர். அவ்வளவு தண்ணீரின் எடை இருநூறு கிராம். நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் அந்த அளவுக்கு ஏறக்குறைய நூற்றிருபது கிராம் இருக்கும். மெம்பெனிங் வகைகள் பல அதைவிட நன்றாகவே கனக்கும். எங்கள் துண்டு நூற்றிருபதை ஒட்டியே நின்றது. ஆனால் எடை ஒரு துணைச் சாட்சிதான். ஈரம் இருந்தால் எடை கூடும். ஒரே மரத்திலும் இடத்துக்கு இடம் மாறும். எடையை மட்டும் நம்பி யாரும் பெயர் வைக்கலாகாது.

இதற்கிடையில் அந்தப் பேத்தி ஒரு காரியம் செய்தாள். மரம் விழுந்த மறுநாள் அழகாக இருக்கிறதே என்று ஓர் இலையைப் பொறுக்கி, மயிலிறகு வைப்பதுபோலப் புத்தகத்தில் வைத்திருந்தாளாம். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பெரணி இலைபோல் பிளவுபட்டு, அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் இருந்தது. சில்வர் ஓக்கின் இலை அதுதான். மெம்பெனிங்கின் இலை பிளவுபடாத தனி இலை. 'இனி வேறென்ன சான்று வேண்டும்?' என்று சிலர் கேட்டார்கள். வேண்டும், நேயர்களே. விழுந்த மரம் எது என்பதை இலை சொல்கிறது. பலகை அந்த மரத்திலிருந்துதான் வந்ததா என்பதை இலை சொல்லாது. பலகையைப் பற்றிப் பலகைதான் சொல்ல வேண்டும். இலையும் வெட்டுமுனையும் ஒரே பெயரைச் சொன்னபோதுதான் எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இருந்தாலும் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியின் சொல் ஊர் வாயை அடைக்குமா? தலைமையாசிரியரின் கடிதத்தோடு மரத்துண்டைக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பினோம். கட்டணத்தை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட அதே 1929ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது அந்த ஆய்வு நிலையம். ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் மரம் நட்டு அங்கே ஒரு காட்டையே வளர்த்துவிட்டார்கள். அந்தக் காட்டை 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு மரங்களின் மாதிரித் துண்டுகள் பெயர் எழுதி அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. மரத்தின் உட்கட்டமைப்பைப் பார்த்து எப்படி இனங்காண்பது என்று அங்கே பணிபுரிந்த பி. கே. பாலன் மேனன் 1967ஆம் ஆண்டில் எழுதிய நூல், இத்துறையில் நம் நாட்டுக்கு ஓர் அடிப்படை நூல்.

பதில் வருவதற்குள் மாணவர்களுக்கு ஒரு கதை சொன்னோம். கதை என்றாலும் நடந்தது. 1932ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இரவு, அமெரிக்காவில் சார்லஸ் லிண்ட்பெர்க் என்ற புகழ்பெற்ற விமானியின் கைக்குழந்தை கடத்தப்பட்டது. குழந்தை பிறகு உயிரோடு கிடைக்கவில்லை. வீட்டருகே கையால் செய்த மர ஏணி ஒன்று கிடந்தது. ஆர்தர் கோலர் என்ற மர அறிஞர் அந்த ஏணியைப் பிரித்து ஆராய்ந்தார். அதில் நான்கு வகை மரங்கள் இருப்பதைக் கண்டார். பலகையை இழைத்த இயந்திரம் விட்டுச்சென்ற சிறு தடங்களைப் பின்தொடர்ந்து, அது விற்கப்பட்ட நியூயார்க் மரக்கடை வரை போனார். 1934ஆம் ஆண்டில் ஒருவர் கைது செய்யப்பட்டபின், ஏணியின் ஒரு சட்டம் அவர் வீட்டுப் பரண் பலகையோடு வளையத்துக்கு வளையம் பொருந்துகிறது என்று 1935ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மரத்தை ஆராய்ந்து சொல்வது ஏற்கத்தக்க சான்றா என்று அங்கே வாதமே நடந்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

"அங்கே மரம் ஒருவரைக் குற்றவாளி என்று காட்டியது, இங்கே தாத்தாவைக் காப்பாற்றுமா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "மரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது தம்பி. உள்ளதைச் சொல்லும்" என்றோம்.

பதில் வந்தது. சில்வர் ஓக். கடிதத்தைத் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் வாசித்தார். பிறகு அதைப் பெரியவர் தம் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பேத்தியின் மேசையும் முடிந்தது. அதன் மேல் பலகையில் அந்த வெள்ளிச் செதில்கள் இன்றும் மின்னுகின்றன. வகுப்பில் நாங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்ததையும் அந்த மேசையைக் காட்டியே திருத்திச் சொன்னோம்.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விழுந்த மரம் உரிமையாளர் இல்லாத மரம் அன்று. தோட்டத்து மரமானால் நிருவாகத்தைக் கேட்க வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். காட்டு மரமானால், 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, வனக்காப்பு நிலத்திலிருந்தோ மாநில அரசு நிலத்திலிருந்தோ உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றம். தானாக விழுந்தது என்பது சாக்காகாது. மேலும், மரத்தின் பெயரைத்தான் மரம் சொல்லும். கொடுத்தது யார் என்பதைத் தாள்தான் சொல்லும். பெரியவரிடம் ஒரு வரி எழுத்து இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

இரண்டாவது, வாள் வைக்கும் முன் இலை, பூ, காய், பட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். காகிதத்தின் நடுவே அழுத்தி, இடமும் நாளும் எழுதுங்கள். கைப்பேசி உள்ளவர்கள் படமும் எடுக்கலாம். இலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, பெயர் தெரியாத மரத்தை வெறுங்கையால் கையாளாதீர்கள். நம் நாட்டுக் காடுகளில் ரெங்காஸ் என்ற மரம் உண்டு. மா, முந்திரி, வண்ணார் துணியில் குறியிட்ட சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டிய இடத்தில் சாறு கசிந்து கறுக்கும். உடம்பில் பட்டால் கொப்புளம் எழும்பும். கறுக்கும் சாறு கண்டால் விலகுங்கள். விறகாக எரித்தால் புகையும் ஆகாது. சில்வர் ஓக்கின் தூளுங்கூடச் சிலருக்கு அரிப்பு தரும். இழைக்கும்போது மூக்கையும் கையையும் மூடிக்கொள்வது நல்லது. அரளிக் கொம்பை எந்தக் காரணம்கொண்டும் அடுப்பில் வைக்காதீர்கள்; உணவு குத்தும் குச்சியாகவும் ஆக்காதீர்கள்.

நான்காவது, பெயர் தெரியாத மரத்தைத் தலைக்குமேல் ஏற்றாதீர்கள். சில்வர் ஓக் மேசைக்கும் அலமாரிக்கும் நல்ல மரம். மழையில் நனையும் தூணுக்கும், மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கும் அது நிலைக்காது. கனமான மரமெல்லாம் உறுதியானது என்பதும் இல்லை. கனத்த மரங்கள் சில காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும். எதற்கு எந்த மரம் என்பதைப் பெயர் தெரிந்தபின்தான் முடிவு செய்ய முடியும்.

கடைசியாக ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எல்லா மரத்துக்கும் முழுப்பெயர் சொல்லிவிட முடியாது. மெம்பெனிங் என்ற ஒரு பெயருக்குள்ளேயே பல இனங்கள் இருக்கின்றன. வெறும் பலகையைப் பார்த்து அவற்றைத் தனித்தனியே பிரிப்பது கற்றவர்களுக்கும் கடினம். 'இன்ன வகை' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. பார்த்ததற்கு மேலே ஒரு சொல் சேர்த்தால் அது வதந்தி. வதந்தி ஒரு சிறுமியை இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் செய்ததை நாங்கள் கண்டோம்.

இந்த மழைக்காலத்திலும் எங்காவது ஒரு மரம் சாயும். அப்போது கத்தியை எடுக்கும் முன் பிள்ளையை அழைத்து, "கண்ணு, அந்த இலையைப் பொறுக்கிப் புத்தகத்தில் வை" என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.